ஒரு புள்ளி வெளிச்சத்தில் கடலும் நிலமும்

கேள்வி: நான் முதுநிலை இயற்பியல் மாணவி. வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்கள் நமக்கு வெறும் புள்ளி என்கிறார்கள். அப்படியிருக்க, அங்கே கடல் இருக்கிறதா, நிலம் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? பெரிய தொலைநோக்கி இல்லாமல் இதை நானே செய்து பழக முடியுமா?

பதில்: முடியும். அதற்கான தரவு இலவசமாகவே கிடைக்கிறது.

கோள் சுழலும்போது ஒவ்வொரு மணிக்கும் வேறொரு முகம் நம் பக்கம் திரும்புகிறது. கடல், தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஆறேழு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதுப்பனி 80 பங்குக்கு மேல் அனுப்பும். பாலைவன மணல் இரண்டுக்கும் நடுவில். ஆகவே புள்ளி புள்ளியாகவே இருந்தாலும் அதன் பிரகாசம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் திரும்ப வரும் இடைவெளிதான் அந்தக் கோளின் ஒரு நாள்.

பூமி போன்ற கோள் எதனிடமிருந்தும் இந்த ஒளி இன்னும் நமக்குப் பிடிபடவில்லை. சூரியனைவிடப் பூமி சுமார் ஆயிரம் கோடி மடங்கு மங்கல். விண்மீனின் வெளிச்சத்தை மறைக்காமல் அதைப் பிரிக்க முடியாது. அதனால் பூமியையே புறக்கோளாக வைத்துப் பழகுங்கள்.

15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியின் பகல் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்படி 2015இல் ஏவப்பட்டது டிஸ்கவர் விண்கலம். அதிலுள்ள எபிக் கேமரா 10 அலைநீளங்களில் படமெடுக்கும் வகையில் அமைந்தது. இணையப் பக்கத்தில் காட்டும் அழகான வண்ணப் படங்களை எடுக்காதீர்கள். அவை கண்ணுக்காகச் சரிசெய்யப்பட்டவை. அளவீட்டுக்கான மூலக் கோப்புகளை இறக்கி, கேமராவின் எண்களை உண்மையான ஒளியளவாக மாற்றும் அளவுத்திருத்தக் காரணியால் பெருக்கி, ஒவ்வொரு படத்தின் மொத்த ஒளியையும் கூட்டி ஒரே எண்ணாக்குங்கள். படம் போய்ப் புள்ளி வந்துவிடும்.

இப்போது 680, 780 நானோமீட்டர் அலைநீளங்களில் பிரகாசம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். பச்சையம் 680ஐ விழுங்கும். இலை 780ஐ வாரி இறைக்கும். காடு திரும்பி வரும்போது 780 மட்டும் எழும்பும். சஹாரா வரும்போது இரண்டும் எழும்பும். பசிபிக் வந்தால் இரண்டுமே தணியும். முதன்முதலில் இதைத் திரையில் பார்த்தபோது நான் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

மேகம்தான் பெரிய இடைஞ்சல். ஒரு நாள் தரவை நம்பாதீர்கள். 2016, 2017ஆம் ஆண்டுகளின் சுமார் 10,000 படங்களை இப்படிப் புள்ளிகளாக்கி ஆராய்ந்த குழு ஒன்று 2019இல் முடிவை வெளியிட்டது. ஏற்ற இறக்கத்தைப் பெரியதிலிருந்து சிறியதுவரை தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வில் பெரிய மாற்றம் மேகத்தோடு ஒத்துப்போனது. நிலத்தின் அடையாளம் இரண்டாவது கூறில்தான் கிடைத்தது. அதைக்கொண்டே கண்டங்களின் தோராயமான வரைபடத்தையும் மீட்டார்கள். நீங்களும் குறைந்தது சில மாதத் தரவை எடுங்கள்.

டிஸ்கவருக்குப் பூமி எப்போதும் ஏறக்குறைய முழுவட்டம். புறக்கோளோ பெரும்பாலும் அரைவட்டமாகவோ பிறையாகவோ இருக்கும்போதுதான் விண்மீனைவிட்டு விலகி அகப்படும். கடல்பரப்பு கண்ணாடிபோல் மின்னுவதும் பிறை நிலையில்தான் துலங்கும். இதற்கு நிலவைப் பாருங்கள். மூன்றாம் பிறையின் இருண்ட பாகத்தில் தெரியும் மெல்லிய வெளிச்சம் பூமி எதிரொளித்ததே. அரைநிலா நாளில் அங்கிருந்து பார்த்தால் பூமியும் அரைவட்டம். சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியால் அந்த ஒளியின் தளவிளைவை (ஒளியலைகள் எந்த அளவுக்கு ஒரே தளத்தில் அதிர்கின்றன என்பதை) அளந்தவர்கள், நிலவுக்கு எதிரே இருந்தது பசிபிக்கா, நிலமும் தாவரமும் மிகுந்த பக்கமா என்று பிரித்தறிந்து 2012இல் எழுதினார்கள். எபிக் வேலை முடிந்ததும் அந்தக் கட்டுரையைப் படியுங்கள்.