அழைப்பு போய்ச் சேருகிறது, விவரம் சேருவதில்லை

கேள்வி: வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த இரண்டு கால் சென்டர் சிஸ்டங்களை எஸ்.ஐ.பி. டிரங்க் (இணைய நெறிமுறை வழியாக அழைப்புகளைக் கொண்டுபோகும் இணைப்பு) வழியாக இணைத்திருக்கிறோம். முதல் சிஸ்டத்தில் பதிவான பெயர், கணக்கு எண், மெனு தேர்வு மூன்றும் அழைப்போடு இரண்டாவதற்குப் போக வேண்டும். சில பிரிவுகளுக்குத் தற்காலிக எண் தொகுப்பு (மாற்றப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் சற்று நேரம் ஒதுக்கும் தொலைபேசி எண்கள்), மற்றவற்றுக்கு யூசர்-டு-யூசர் ஹெடர் (அழைப்புச் செய்தியிலேயே விவரத்தைச் சுமந்து போகும் ஒரு வரி). பல சமயம் ஏஜெண்ட் திரை காலியாக இருக்கிறது. எப்போதாவது வேறொருவரின் விவரம் வந்து நிற்கிறது. எங்கே பார்ப்பது?

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆபத்தானதை முதலில் பார்த்துவிடுவோம். ஆள் மாறி விவரம் வருவது அநேகமாக எண் தொகுப்பில்தான் நடக்கும்.

முதல் சிஸ்டம் தொகுப்பிலிருந்து ஓர் எண்ணை எடுக்கிறது. அந்த எண்ணுக்கு வரப்போகும் அழைப்பின் விவரத்தை டேட்டா இணைப்பில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அழைப்பை அதே எண்ணுக்குத் திருப்புகிறது. அழைப்பு சேர்ந்ததும் விவரம் அதோடு ஒட்டிக்கொள்ளும், எண் விடுபட்டு அடுத்த அழைப்புக்குத் தயாராகும். காத்திருப்பு வரம்பு 5 விநாடி என்றும், நெரிசலில் ஓர் அழைப்பு சேர 7 விநாடி ஆனது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 5-ஆவது விநாடியில் எண் விடுபடும். 6-ஆவது விநாடியில் அது அடுத்த வாடிக்கையாளருக்கு ஒதுக்கப்படும். 7-இல் வந்து சேரும் முதல் அழைப்பு, அடுத்தவரின் விவரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த அடுத்தவர் வரும்போது அவருக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அவருடைய திரை காலி.

எனவே நெரிசல் நேரத்தில் அழைப்பு சேர ஆகும் அதிகபட்ச நேரத்தை அளந்து, வரம்பை அதற்கு மேல் வையுங்கள். வரம்பு தாண்டினால் அனுப்பிய அழைப்பையும் முதல் சிஸ்டம் ரத்து செய்ய வேண்டும். விடுபட்ட எண்களில் நெடுநேரம் சும்மா கிடந்ததையே அடுத்து எடுக்கும்படி அமையுங்கள். சிறிய எண்ணிலிருந்து தொடங்கி எடுக்கும் முறையில் ஒரே எண் திரும்பத் திரும்ப மாட்டும். இந்த எண்களை வெளியிலிருந்து நேரடியாக அழைக்க முடியாதபடியும் தடுத்துவிடுங்கள். அழைப்பவரின் எண்ணும் விவரத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் திரையைக் காலியாகவே காட்டுங்கள். காலித் திரை வெறும் தொந்தரவு, அடுத்தவர் கணக்கு திறப்பது தகவல் கசிவு.

வரம்பைக் கூட்டினால் எண்களும் அதிகம் தேவைப்படும். விநாடிக்கு 2 அழைப்பு, ஒவ்வொன்றும் எண்ணை 3 விநாடி பிடித்திருந்தால் சராசரியாக 6 எண்கள் பயன்பாட்டில் இருக்கும். ஆயிரத்தில் ஓர் அழைப்புக்கு மேல் எண் கிடைக்காமல் போகக் கூடாது என்றால், எர்லாங் பி கணக்கின்படி (இத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று கணிக்கும் சூத்திரம்) 15 எண்கள் வேண்டும். 5 சதவீதம் அழைப்புகள் சேராமல் 30 விநாடி வரம்பு முடியும்வரை எண்ணைப் பிடித்துக்கொண்டால் சராசரி 8.7 ஆகும், 20 எண்கள் வையுங்கள். பலர் இந்தத் தோல்வி அழைப்புகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி ஹெடர். ஆர்.எஃப்.சி. 7433 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் இந்த ஹெடரில் விவரம் பெரும்பாலும் ஹெக்ஸ் (பதினாறு இலக்க எண்முறை) வடிவில் போகும், அதாவது ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்துகள். வழியில் ஐ.எஸ்.டி.என். எனும் பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு இருந்தால் மொத்தமே 128 பைட்டுதான். சில சிஸ்டங்கள் அதற்கும் குறைவாகவே ஏற்கும். பெயரைத் தமிழில் அனுப்பினால் யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் 'க' 3 பைட், 'கு' 6 பைட். நீளமான பெயர்களில் மட்டும் திரை காலியானால் சந்தேகத்தை இங்கே வையுங்கள்.

அழைப்பை ரெஃபர் செய்து (இந்த முகவரியை அழை என்று சொல்லும் எஸ்.ஐ.பி. செய்தியால்) மாற்றுகிறீர்கள் என்றால், ஹெடர் ரெஃபர்-டு முகவரிக்குள் கேள்விக்குறிக்குப் பின்னால் போக வேண்டும். அதன் மதிப்பிலுள்ள அரைப்புள்ளியும் சமக்குறியும் சதவீதக் குறியீடாக (%3B, %3D என்று) மாற்றப்பட்டிருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் அழைப்பு ஒழுங்காகப் போகும், விவரம் மட்டும் விழுந்துவிடும். அதனால்தான் இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

அடுத்த சந்தேகம் நடுவிலுள்ள எஸ்.பி.சி., அதாவது இரண்டு நெட்வொர்க்குகளின் எல்லையில் அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் கருவி. தனக்குத் தெரியாத ஹெடர்களை அது வெட்டிவிடும் வாய்ப்பு அதிகம். ஒரே அழைப்பை மூன்று இடங்களில் பாக்கெட் கேப்ச்சர் (நெட்வொர்க்கில் போகும் செய்திகளின் பதிவு) எடுங்கள்: முதல் சிஸ்டத்தின் வெளிவாசல், எஸ்.பி.சி.யின் வெளிவாசல், இரண்டாவது சிஸ்டத்தின் உள்வாசல். ஹெடர் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே காணாமல் போகிறதோ, கோளாறு அங்கேதான். அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தி 1300 பைட்டைத் தாண்டினால், அதை அனுப்பும் முறையை யு.டி.பி.யிலிருந்து டி.சி.பி.க்கு மாற்றுங்கள்.

புதிதாக அமைப்பதென்றால், ஹெடரில் யூகிக்க முடியாத ஒரு சாவி எண்ணை மட்டும் அனுப்பி, விவரத்தைப் பொதுவான ஓர் இடத்தில் வைத்து எடுத்துக்கொள்வதே நல்லது. நீளத் தகராறும் இல்லை, கணக்கு எண் வழிநெடுக லாக் கோப்புகளில் பதிவாகவும் செய்யாது. ஆனால் விவரம் எழுதி முடிந்தது என்று பதில் வந்த பிறகே அழைப்பை அனுப்ப வேண்டும். தேடலுக்கு 1 அல்லது 2 விநாடி வரம்பு வைத்து, கிடைக்காவிட்டால் பொது வரிசைக்கு அனுப்புங்கள். அந்த விவரத்தோடு எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கையையும் சேர்த்து, 3-ஐத் தொட்டதும் மேலும் மாற்றாமல் அங்கேயே ஓர் ஏஜெண்டிடம் கொடுத்துவிடும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஏஜெண்டுகள் பிஸியாக இருக்கும் நேரத்தில் ஓர் அழைப்பு இரண்டு சிஸ்டங்களுக்கும் நடுவே மாறி மாறிப் போய்க்கொண்டே டிரங்க் சேனல்களை அடைத்துவிடும்.