வக்கிரச் செவ்வாயும் உங்கள் மகளும்

கேள்வி: என் மகள் 1999 ஏப்ரலில் பிறந்தவள். ஜாதகத்தில் செவ்வாய் வக்கிரம், அதாவது பின்னோக்கிப் போகிறது என்று சொல்லி, கூடி வந்த வரன் வீட்டார் தயங்குகிறார்கள். அறிவியல் ஆசிரியையான என் தங்கையோ, 'எந்தக் கிரகமும் பின்னால் போகாது' என்கிறாள். அப்படியானால் ஜோசியர் கணித்தது பொய்யா?
- ஒரு தாய், தக்கலை

பதில்: கணிப்பு பொய்யில்லை அம்மா. 1999 மார்ச் 18 முதல் ஜூன் 4 வரை செவ்வாய் நட்சத்திரங்களுக்கிடையே பின்னோக்கி நகர்வதாகத்தான் தெரிந்தது. உங்கள் தங்கை சொல்வதும் சரி. செவ்வாய் தன் பாதையில் ஒரு நாளும் நின்றதில்லை, திரும்பியதும் இல்லை.

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போகிறீர்கள். வில்லுக்குறி பக்கம் உங்கள் பஸ் ஒரு லாரியை முந்துகிறது. ஜன்னல் வழியே பார்த்தால், தூரத்து வேளிமலைக்கு முன்னால் லாரி பின்பக்கம் நழுவுவது போலத் தெரியும். லாரி முன்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் போகிறது, செவ்வாய் 24. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை நாம் அதை முந்துகிறோம். அப்போது இரண்டு இரண்டரை மாதம் வக்கிரம். மலை இருந்த இடத்தில் நட்சத்திரங்கள், அவ்வளவுதான்.

பழைய ஜோதிடர்கள் இதைக் கூர்ந்து பார்த்தவர்கள். செவ்வாய், வியாழன், சனி நிற்கும் ராசிக்கு ஐந்தாம் இடத்தை ஒட்டி சூரியன் வரும்போது வக்கிரம், ஒன்பதை ஒட்டி வரும்போது வக்கிரம் நிவர்த்தி, அதாவது முடிவு என்பது அவர்கள் கணக்கு. ஏறக்குறைய சரியான கணக்கு. நடுவில், ஏழாம் இடத்தில், சூரியன் நேரெதிர். சித்ரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே எதிரெதிர் நிலைதான். உங்கள் மகள் பிறந்த ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 30. அன்று இருட்டியதும் அந்த நிலாவுக்குச் சற்று மேலே சிவப்பாக நின்றது இந்தச் செவ்வாய்தான். ஒன்பது கோடி கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், அந்தச் சுற்றிலேயே மிகப் பிரகாசமாக இருந்த நாட்கள் அவை. வக்கிரக் கிரகத்துக்கு சேஷ்டா பலம் (கிரகத்தின் இயக்கத்தை வைத்துக் கணிக்கும் வலிமை) முழுமை என்று சாஸ்திரம் சொல்வதற்கும் இந்தப் பிரகாசமே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆக, அவர்கள் நம்புகிற சாஸ்திரப்படியே வக்கிரம் பலம். செவ்வாய் தோஷம் பார்ப்பது செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் நிற்பதை வைத்து. அதற்கும் வக்கிரத்துக்கும் சம்பந்தமில்லை. சொல்தான் பயமுறுத்துகிறது. 'வக்கிர புத்தி' என்று பேச்சில் சொல்லிச் சொல்லி, வடமொழியில் வளைவு என்பதை அடிப்படைப் பொருளாகக் கொண்ட சொல் ஒரு பெண்ணின் குணத்தின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு இதில்தான் கோபம்.

அப்புறம், அந்த எழுபத்தெட்டு நாளில் உலகத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறந்திருக்கும். அத்தனை பேர் ஜாதகத்திலும் செவ்வாய் வக்கிரம்தான். அத்தனை பேர் கல்யாணமுமா கோணலாகும்? பூமி ஒரு கிரகத்தை முந்தியதற்கும் உங்கள் மகள் குடும்பம் நடத்துவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பரிகாரம் என்று பணம் செலவழிக்காதீர்கள். வரன் வீட்டாரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கேட்டுக்கொண்டால் நல்லது. அப்படியும் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வியாபாரம் படுத்தாலும், முதலில் உங்கள் மகளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.