ஈஎஸ்பி32 உறங்கும்போது பேட்டரியைத் தின்பது எது?

கேள்வி: மாடித்தோட்டத் தொட்டிகளின் மண் ஈரத்தை அளந்து, அரை மணிக்கு ஒருமுறை வைஃபை வழியே கைப்பேசிக்கு அனுப்பும் கருவி ஒன்றை ஈஎஸ்பி32 (வைஃபை வசதியுள்ள சிறு கட்டுப்பாட்டுச் சிப்) டெவலப்மென்ட் போர்டில் செய்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் அது டீப் ஸ்லீப் எனும் ஆழ்ந்த உறக்க நிலையில்தான் இருக்கிறது. 2500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட 18650 லித்தியம் செல் ஒன்றை 5 வோல்ட் பின்னில் கொடுத்திருக்கிறேன். மாதக்கணக்கில் வரும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. கடைசி நாளில் போர்டு தானாகவே ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது. பெரிய பேட்டரியாக மாற்றுவதா, ஒரு மணிக்கு ஒருமுறை அனுப்பும்படி புரோகிராமைத் திருத்துவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். கருவி விழித்தெழுந்து, வைஃபையில் இணைந்து, அளவீட்டை அனுப்பிவிட்டு உறங்கப்போக 5 விநாடி ஆகிறது என்றும், அப்போது சராசரியாக 120 மில்லிஆம்பியர் செலவாகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாளின் 48 முறைக்கும் சேர்த்து ஆகும் செலவு 8 மில்லிஆம்பியர்-மணி மட்டுமே. அனுப்பும் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் நீங்கள் மிச்சப்படுத்துவது அதில் பாதி. உங்கள் செல்லோ நாளொன்றுக்கு 200-க்கும் மேல் இழந்துகொண்டிருக்கிறது. அந்த இழப்பு நடப்பது கருவி உறங்கும் நேரத்தில்தான்.

ஈஎஸ்பி32 சிப்புக்கு டீப் ஸ்லீப்பில் ஏறத்தாழ 10 மைக்ரோஆம்பியர் போதும் என்பது உண்மை. ஆனால் உறங்குவது சிப் மட்டுமே. அதைச் சுற்றிப் போர்டில் இருப்பவை உறங்குவதில்லை. மலிவான போர்டுகள் பலவற்றில் உள்ள, 5 வோல்ட் பின்னில் வருவதைச் சிப்புக்கு வேண்டிய 3.3 வோல்ட்டாக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், எதற்கும் மின்சாரம் கொடுக்காதபோதும் தன் சொந்தச் செலவாகச் சுமார் 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். இது சிப்பின் உறக்கச் செலவைப் போல 500 மடங்கு. அதனுடன் இரவும் பகலும் எரியும் சிவப்பு எல்ஈடி, யுஎஸ்பி இணைப்புக்கான தனிச் சிப், 3.3 வோல்ட் பின்னில் நிரந்தரமாக மாட்டப்பட்ட ஈரச் சென்சார் ஆகியவற்றையும் கூட்டினால் 10 மில்லிஆம்பியரை எளிதில் தொட்டுவிடும். பெரிய பேட்டரி வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம் வாங்குவதுதான்.

ரீசெட் சிக்கலுக்கும் அதே ரெகுலேட்டரே காரணம். ஏஎம்எஸ்1117 ஒழுங்காக 3.3 வோல்ட் தர வேண்டுமானால், உள்ளே வரும் மின்னழுத்தம் அதைவிடச் சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக, அதாவது 4.4 வோல்ட்டாக இருக்க வேண்டும். முழுமையாகச் சார்ஜ் ஆன லித்தியம் செல்லே 4.2 வோல்ட்தான். செல் 3.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது சிப்புக்குக் கிடைப்பது 2.5 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். வைஃபை எழுந்து ஒரே இழுப்பாக மின்னோட்டத்தை எடுத்தவுடன் அதுவும் சரிந்து, கணினியில் போர்டின் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் போதவில்லை) என்ற செய்தி வருகிறது. செல்லில் சரக்கு மிச்சமிருக்கும்போதே கருவி நின்றுபோவது இதனால்தான்.

ஆகவே மாற்ற வேண்டியது ரெகுலேட்டரை. எச்டி7833 என்பது 500 மில்லிஆம்பியர் தரக்கூடியது; தன் செலவு சில மைக்ரோஆம்பியர் மட்டுமே. ஏபி2112 கிடைத்தால் அதுவும் நன்று. அதன் சொந்தச் செலவு 55 மைக்ரோஆம்பியர் என்று சிலர் தயங்குவார்கள், நாளொன்றுக்கு 1.3 மில்லிஆம்பியர்-மணிதான் ஆகிறது, தயங்க வேண்டியதில்லை. எம்சிபி1700 பலரும் பரிந்துரைப்பது, உறக்கச் செலவும் மிகக் குறைவு. ஆனால் அதன் எல்லை 250 மில்லிஆம்பியர். ஈஎஸ்பி32-க்குக் குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரும் மூலம் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்வதால், பெரிய மின்தேக்கி ஒன்றை முட்டுக்கொடுத்து அதை ஓட்டுவதை நான் விரும்புவதில்லை.

ஓர் எச்சரிக்கை: பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு அதே இடத்தில் எச்டி7833-ஐ அப்படியே சால்டர் செய்துவிடாதீர்கள். இரண்டிலும் உள்வரும் பின்னும் வெளிச்செல்லும் பின்னும் இடம் மாறியிருக்கும். போர்டைக் குடைவதைவிட, ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் இல்லாத ஈஎஸ்பி32-வ்ரூம் (WROOM) மாட்யூலைத் தனியாக வாங்கிச் சிறு பலகையில் பொருத்துவதே சுத்தமான வழி. சென்னை ரிச்சி தெருவில் இத்தகைய மாட்யூல்களைக் கேட்டுப் பார்க்கலாம். சிப்பை இயங்கவைக்கும் ஈஎன் பின்னை 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கும், 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாகக் கிரவுண்டுக்கும் இணையுங்கள். மின்சாரம் நுழையும் பின்னை ஒட்டியே 10 மைக்ரோஃபாரட்டும் 0.1 மைக்ரோஃபாரட்டும் வையுங்கள். புரோகிராம் ஏற்ற, வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி-சீரியல் மாற்றி போதும்.

அடுத்தது சென்சார். அதன் நேர்முனையை 3.3 வோல்ட்டிலிருந்து கழற்றி, ஜிபிஐஓ 25 போன்ற, புரோகிராமால் இயக்கக்கூடிய ஒரு பின்னில் மாட்டுங்கள். சுமார் 5 மில்லிஆம்பியரை அந்தப் பின்னே தாங்கும். விழித்ததும் பின்னை உயர்த்தி, சிறிது பொறுத்து அளந்து, உடனே தாழ்த்திவிடலாம். அளவீட்டை 32 முதல் 39 வரையிலான பின்களில் ஒன்றில் படியுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது பயன்படா. கூடவே, சென்சாரில் உள்ள எட்டுக்கால் சிப்பின் எழுத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். டிஎல்சி555 என்றிருந்தால் சரி. என்ஈ555 என்றிருந்தால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் தேவை, 3.3 வோல்ட்டில் அது காட்டும் எண்ணை நம்பித் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

செல்லின் மின்னழுத்தத்தையும் கண்காணிக்க நினைத்தால், 100 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டைச் செல்லின் குறுக்கே தொடராகப் போட்டு, நடுப்புள்ளியில் பாதி மின்னழுத்தத்தைப் படிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த இணை மட்டுமே 21 மைக்ரோஆம்பியர் குடிக்கும். தலா 1 மெகாஓம் போட்டு, நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கொடுத்தால் செலவு பத்தில் ஒன்றாகும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லை ரெகுலேட்டரே இல்லாமல் நேரடியாக மாட்யூலுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. 3.2 வோல்ட்டில் நெடுநேரம் நிலையாக நிற்கும் நல்ல செல் அது. ஆனால் அதைச் சாதாரண லித்தியம் செல்லுக்கான டிபி4056 சார்ஜர் போர்டில் சார்ஜ் செய்யவே கூடாது. அந்தப் போர்டு 4.2 வோல்ட் வரை ஏற்றிவிடும்.

எல்லாம் முடிந்ததும் உறக்கச் செலவை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் வரம்பில் வைத்து நேரடியாகத் தொடரில் மாட்டினால், அதன் உள்தடையால் கருவி எழுந்திருக்கவே முடியாது. மீட்டரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, கருவி உறங்கிய பிறகு கம்பியை எடுங்கள்; அடுத்த விழிப்புக்குள் மீண்டும் இணைத்துவிடுங்கள். எச்டி7833 போட்டிருந்தால் 20 மைக்ரோஆம்பியரை ஒட்டி வர வேண்டும். மில்லிஆம்பியர் கணக்கில் காட்டினால், முதலில் சென்சாரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.