காசு வராத பாட்காஸ்டில் 15 விநாடி சினிமாப் பாட்டு போட்டால் என்ன தப்பு?

போடாதீர்கள். என் பதில் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். சட்டம் படித்தவர்கள் யாராவது என்னைத் திருத்தினால் சந்தோஷம், சண்டைக்கு மட்டும் வராதீர்கள்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. நண்பரோடு உட்கார்ந்து மொபைலில் பேசிப் பதிவு செய்திருப்பீர்கள், கேட்டுப் பார்த்தால் மொட்டையாக இருந்திருக்கும், ஆரம்பத்தில் எண்பதுகளின் பாட்டு ஒன்றை ஓடவிட்டதும் திடீரென்று ரேடியோ நிகழ்ச்சி மாதிரி களை வந்திருக்கும். அப்புறம் யாரோ ஒருவர் "30 விநாடிக்குள்ள இருந்தா பிரச்சினை இல்ல" என்று சொல்லியிருப்பார். இந்த 30 விநாடிக் கணக்கு 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 52-வது பிரிவு சில விலக்குகள் தருகிறது: சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி. நீங்கள் வீட்டில் போட்டுக் கேட்பது சொந்த உபயோகம், ஊரே கேட்கிற மாதிரி ஏற்றிவிட்டு அதையே சொல்ல முடியாது. அந்தப் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், சரணத்தில் வரும் வயலினைக் காட்ட ஒரு துண்டு போடுகிறீர்கள் என்றால் விமர்சனம் என்று வாதாட இடம் இருக்கிறது. தலைப்பு இசைக்கு அந்த வாதம் நிற்காது. டிவி பேட்டியில் ஒரு பாடகி தான் பாடிய பாட்டுகளிலிருந்து சில வரிகள் பாடிக்காட்டியதற்குப் உரிமை வைத்திருந்த கம்பெனி வழக்குப் போட்டு, 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 'இது அற்ப விஷயம்' என்று சொன்னது உண்மைதான். அதற்காக அந்த டிவி கம்பெனி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே, உங்களால் முடியுமா?

"பழைய பாட்டுக்கு ஏது உரிமை?" என்பது அடுத்து வரும். ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது, வரி, மெட்டு, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவுக்கு வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. அதாவது 1964-ல் வந்த இசைத்தட்டு 2024 முடிவில் விடுபட்டுவிட்டது. இதை மட்டும் படித்துவிட்டுத் துள்ளுகிறவர்கள் உண்டு. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் காலமானதிலிருந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, எம்.எஸ்.வி. மறைந்தது 2015. வரிக்கு 2041 வரை, மெட்டுக்கு 2075 வரை பொறுத்திருங்கள். நாமே பாடிப் பதிவு செய்தாலும் ஒலிப்பதிவுச் சிக்கல்தான் தீரும், மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கும். பாரதி பாட்டு என்றால் வரி நம் எல்லாருக்கும் பொது, 1949-லேயே அரசு உரிமையை வாங்கிவிட்டது. ஆனால் அந்த வரிக்கு ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்ட மெட்டு பொது இல்லை. அட, 2017-ல் எஸ்.பி.பி.க்கே இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த விவாதம் தனியாக ஓடட்டும். நாமெல்லாம் எந்த மூலை என்பதற்காகச் சொன்னேன்.

இனி என் கதை. நானும் என் மச்சானும் டூரிங் டாக்கீஸ்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். மண்தரை டிக்கெட், இடைவேளை முறுக்கு, கீற்றுக் கொட்டகை தீப்பிடித்த கதை, இப்படி எங்கள் பக்கத்துப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறோம். கேட்பவர்கள் குறைவு, அதில் பாதி சொந்தக்காரர்கள். சினிமா பற்றிய நிகழ்ச்சிக்கு சினிமாப் பாட்டு இல்லாமல் எப்படி என்று மச்சான் பிடிவாதம் பிடித்தார். நான் முடியவே முடியாது என்றேன். வீட்டில் இரண்டு வேளை சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது. கடைசியில் எங்கள் ஊர் நாகஸ்வர வித்வான் ஒருவரிடம் போனோம். டாக்கீஸில் படம் தொடங்குவதற்கு முன்பு ஸ்பீக்கரில் நாகஸ்வரத் தட்டு போடுவார்கள் என்று எங்களிடம் பேசிய பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார், அதிலிருந்து வந்த யோசனை. முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனை ஒன்றை ஹம்ஸத்வனி ராகத்தில் வாசித்தார், தவிலுக்கு அவர் மகன். தீட்சிதர் காலமானது 1835, உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. வாசித்தவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு என்று படித்திருந்ததால் ஒரு பக்கம் எழுதி, பணம் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

யூடியூபில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே கிளெய்ம் வந்தது! கேசட் காலத்து நாகஸ்வர ஆல்பம் ஒன்றை வைத்திருக்கும் கம்பெனி, இது எங்கள் ஒலிப்பதிவு என்கிறது. கம்பெனியில் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை, கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதே கீர்த்தனை, அதே ராகம், கிட்டத்தட்ட அதே சுருதி, அதனால் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டது. கிளெய்ம் என்பது ஸ்ட்ரைக் (சேனலுக்கு யூடியூப் போடும் எச்சரிக்கை) இல்லை, சேனல் போகாது, ஆனால் நம் எபிசோடில் விளம்பரம் ஓடவிட்டுக் காசை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். "இதுக்கு சினிமாப் பாட்டே போட்டிருக்கலாம்ல மாப்ள" என்று மச்சான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

விடவில்லை. மறுப்புப் படிவத்தில் யார் வாசித்தது, எங்கே பதிவு செய்தது, கீர்த்தனை எந்தக் காலத்தது என்று எல்லாவற்றையும் எழுதினேன். அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். ஒரு வார்த்தை பதில் இல்லை. கெடு முடிந்ததும் கிளெய்ம் தானாக உதிர்ந்தது, மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. அவர்கள் மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு 7 நாள், அதிலும் பிடிவாதமாக நீக்கச் சொன்னால்தான் ஸ்ட்ரைக் வரை போகும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே காலி. சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு இந்த வழியில் நடக்க யாருக்குத் துணிச்சல் வரும்? என் கையில் கையெழுத்துத் தாள் இருந்தது, ஒரு வெட்டும் இல்லாத முழுப் பதிவும் இருந்தது.

இதை அந்த வித்வானிடம் சொன்னபோது அவர் கோபப்படவே இல்லை. "மெஷினுக்காவது ரெண்டு நாயனமும் ஒண்ணுன்னு காதுல விழுந்திருக்கே தம்பி, கல்யாணத்துல யாரு கேக்கறா" என்றார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி டிஜேக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட மறுநாள் மேளக்காரருக்குப் போவதில்லை. ரிசப்ஷனில் அவரைப் பந்தலுக்கு வெளியே உட்காரவைக்கிறார்கள். நேற்று வந்த போட்டோகிராபர் பையன் கையைக் காட்டி "கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்கிறான், அவரும் வாயில் வைத்து ஊதும் சீவாளியை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். முகூர்த்தம் தாண்டியதும் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லி சீட்டு வருகிறது. இந்த ஊரில் பாட்காஸ்டுக்கு இசை இல்லை என்று யாராவது புலம்பினால் எனக்கு எப்படி இருக்கும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் இல்லை என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது உரிமையாளரே சில நிபந்தனைகளோடு எல்லாரும் பயன்படுத்த விட்டுக்கொடுக்கும் உரிமத்தில், இசை கிடைக்கிறது. பெயர் போடச் சொன்னால் எபிசோடு குறிப்பில் போடுங்கள், வணிக நோக்கம் கூடாது என்று இருந்தால் பின்னால் விளம்பரம் சேர்க்கும்போது மாட்டுவீர்கள், இப்போதே பார்த்து எடுங்கள். பதிவிறக்கிய அன்றே அந்த உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கொஞ்சம் பணம் உண்டு என்றால் ஊரில் வாசிக்கிற ஒருவரைத் தேடிப் போங்கள். தவில், உடுக்கை, கீபோர்டு, எதுவானாலும் சரி.

"அப்போ எஃப்எம்ல நாள் முழுக்கப் போடறாங்களே" என்று யாராவது கீழே கேட்பார்கள், தெரியும். அவர்கள் ராயல்டி கட்டுகிறார்கள். 2012 திருத்தத்தில் வந்த 31டி பிரிவு ரேடியோவுக்கும் டிவிக்கும் சட்டமே தருகிற உரிமம் வாங்க வழி செய்தது, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிப் போடலாம். இணைய இசைச் சேவை ஒன்று எங்களுக்கும் அதே வழி வேண்டும் என்று கேட்டபோது, 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு இணையத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதவு திறக்கவில்லை.