பழைய கஸ்டம் காரை ரெஸ்டோர் செய்யும் முன் அதன் வரலாற்றைத் தேடுவது அவசியமா? எப்படித் தேடுவது?

கேட்டவரின் நிலைமை இது: சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் ஒரு கிடங்கில் கிடந்த திறந்த காரை வாங்கியிருக்கிறார். அடியில் ஃபோர்டு பிரிஃபெக்ட் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் சேசி (அடிச்சட்டம்), மேலே யாரோ கையால் கட்டிய உடம்பு. பட்டறைக்காரர் முதலில் சாண்ட்பிளாஸ்ட் செய்துவிடலாம், அதாவது மணலை வேகமாக அடித்துப் பழைய பெயின்ட்டை உரித்துவிடலாம் என்கிறார். அதற்குமுன் வரலாற்றைத் தேட வேண்டுமா என்பது கேள்வி.

கண்டிப்பாகத் தேட வேண்டும். காரை இப்போதைக்கு சாண்ட்பிளாஸ்டுக்கு அனுப்பாதீர்கள். கம்பெனியில் செய்த மோரிஸ் மைனரையோ ஃபோக்ஸ்வேகன் பீட்டிலையோ கடைசி நட்டுவரை கழற்றிப் போட்டாலும் பயமில்லை. எது எங்கே என்று சொல்லப் புத்தகம் இருக்கிறது, உதிரிப் பாகம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கையால் கட்டிய காருக்கு அப்படி ஒரு புத்தகமே கிடையாது. கட்டியவர் எதை எங்கே வெட்டினார், எந்த நிறம் அடித்தார், எந்தக் காரிலிருந்து எந்த விளக்கைப் பிடுங்கி வைத்தார் என்பதற்கு அந்தக் கார்தான் ஒரே ஆவணம். சாண்ட்பிளாஸ்ட் அதை ஒரே மதியத்தில் அழித்துவிடும்.

பெயின்ட்டிலிருந்து தொடங்குங்கள். வெயிலும் பாலிஷும் படாத இடங்களைத் தேடுங்கள்: டிக்கி மூடியின் உள்பக்கம், கதவு ரப்பருக்கு அடியில், டேஷ்போர்டின் பின்புறம். 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஐம்பது காசு அகலத்துக்கு மெதுவாகத் தேயுங்கள். காய்ந்தபடி தேய்க்க வேண்டாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துக்கொண்டே போனால், அறுத்த மரத்தில் தெரிகிற வளையங்கள்போல ஒவ்வொரு நிறமும் வெளியே வரும். கடைசியில் 1000 நம்பரால் மெருகேற்றிப் படம் எடுங்கள். பஞ்சில் தின்னரைத் தொட்டு ஒவ்வொரு வளையத்தையும் துடைத்துப் பாருங்கள். பழைய செல்லுலோஸ் பெயின்ட் என்றால் பஞ்சில் நிறம் ஒட்டும், பின்னாளில் வந்த, கெட்டியாக்கி கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட் அசையாது.

இதில் எவ்வளவு சேதி கிடைக்கும் என்பதற்கு என் தாய்மாமாவின் மோரிஸ் மைனரைச் சொல்கிறேன். கூரை இல்லாத வண்டி. கம்பெனியே திறந்த காராக அனுப்பியது என்று விற்றவர் சொன்னார். மோரிஸ் அப்படியும் செய்தது உண்மைதான். கதவின் உள்பக்கம் தேய்த்தபோது வெளிர் சாம்பல், அதன்மேல் க்ரீம், அதன்மேல் சிவப்பு என்று மூன்று வளையங்கள் வந்தன. அப்புறம் கண்ணாடித் தூணின் உச்சியில், கூரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் தேய்த்தோம். அங்கே க்ரீமும் சிவப்பும் மட்டும்தான், சாம்பல் இல்லவே இல்லை. அப்படியென்றால் வண்டி சாம்பல் நிறத்தில் கூரையோடு ஓடியிருக்கிறது. யாரோ கூரையை வெட்டி, வெட்டிய கையோடு க்ரீம் அடித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பு மோரிஸ், ஆஸ்டின், எம்ஜி போன்ற கார்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. அதற்கு எழுதிப் போட்டோம். கூரையுள்ள சலூன் என்றுதான் பதில் வந்தது. அந்தத் தூணை முதலிலேயே தகடுவரை சுரண்டியிருந்தால், அந்தச் சான்றிதழ் வந்த பிறகும் கூரை எப்போது போனது என்பது தெரிந்திருக்காது.

உங்கள் காரில் உடம்பு எதனால் ஆனது என்று பாருங்கள். ஃபைபர்கிளாஸ் என்றால் பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்காது. ஃபோர்டு 8, ஃபோர்டு 10 என்ற சின்ன ஃபோர்டு கார்களின் சேசிகளுக்குப் பொருந்தும்படி ஆஷ்லி, ஃபால்கன் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் அந்தக் காலத்தில்தான் ஃபைபர்கிளாஸ் உடம்புகளை விற்றன. அலுமினியத் தகடு, அதில் சீராக வரிசை போட்ட ரிவெட் என்றால், விமானத் தளத்தில் வேலை பார்த்தவர் கையாக இருக்கலாம். சிலேத்தார், சாங்கி, தெங்கா எல்லாம் அப்போது பிரிட்டிஷ் விமானப்படைத் தளங்கள். 1971 அக்டோபரில் பிரிட்டிஷ் படை இங்கிருந்து கிளம்பும்வரை, ஊர் திரும்புகிறவர்கள் காரை விற்றுவிட்டுப் போவது சாதாரணம்.

அடுத்து ஸ்பேனர். பிரிஃபெக்ட்டின் நட்டுகள் பெரும்பாலும் ஏ.எஃப். அளவு (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அங்குலத்தில் அளப்பது), ஃபோர்டு அமெரிக்க வழி வந்த கம்பெனி என்பதால். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனருக்குப் பொருந்துகிற நட்டு வரிசையாக வந்தால், கட்டியவர் வேறொரு பிரிட்டிஷ் வண்டியிலிருந்தோ தன் பட்டறை டப்பாவிலிருந்தோ போட்டிருக்கிறார். மில்லிமீட்டர் நட்டு வந்தால் அது பிற்காலத்து ரிப்பேர் என்று சந்தேகப்படலாம். லூகாஸ் டைனமோவின் உடம்பில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பில் சின்னதாகக் குறியீட்டு எண் இருக்கும். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஐந்தாறு பாகங்களின் தேதி ஒரே ஆண்டைச் சுற்றி நின்றால் கார் கட்டப்பட்ட காலம் ஏறக்குறைய கைக்கு வந்துவிடும்.

சேசி எண்ணை கிரைண்டரால் தொடவே கூடாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மேலே சாக்பீஸ் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். எண் அழிந்துபோனால் வரலாறும் போகும், நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதில் சொல்ல முடியாத நிலையும் வரும்.

சீட்டுக்கு அடியில், கதவுத் தகட்டுக்குள், கார்ப்பெட்டுக்குக் கீழே கிடக்கிற குப்பையை வேக்குவம் போட்டு இழுத்துவிடாதீர்கள். கையால் பொறுக்குங்கள். நம் ஊர் காருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1975 ஜூனில் நகரத்துக்குள் நுழைய ஏரியா லைசன்ஸ் சீட்டு வந்தது, 1998இல் இஆர்பி என்ற மின்னணுச் சாலைக் கட்டணம் அதன் இடத்தைப் பிடித்தது. அந்தச் சீட்டு ஒரு துண்டு கிடைத்தாலும் கார் ஓடிக்கொண்டிருந்த காலம் தெரிந்துவிடும். முன்கண்ணாடியில் இஆர்பி கருவி ஒட்டிய தடமே இல்லை என்றால், 1998க்குப் பிறகு அது நகரத்துப் பக்கம் போயிருக்க வாய்ப்பு குறைவு. நம்பர் பிளேட்டின் பின்னால் பழைய துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தடம் வேறு அளவில் இருந்தால் வண்டி ஜோகூரில் 'ஜே' எண்ணோடு ஓடியிருக்கலாம், இங்கிலாந்துப் பதிவெண்ணோடு கப்பலில் வந்திருக்கவும் கூடும்.

இனி காகிதம். லாக் கார்டு, பழைய பதிவுப் புத்தகம் எதுவானாலும் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். இன்னும் எங்கேயாவது ஒரு கவர் இருக்கும். முந்தைய உரிமையாளர் பெயரை ஆணையத்திடம் சும்மா கேட்டால் கிடைக்காது, அது நியாயமும்கூட. ஆனால் பதிவெண்ணே கொஞ்சம் பேசும்: ஒற்றை 'எஸ்' வரிசை மிகப் பழையது, அப்புறம் எஸ்.ஏ., எஸ்.பி. என்று போய், 'இ'யில் தொடங்கும் வரிசை வந்து, 1984இல் எஸ்.பி.ஏ. தொடங்கியது.

பதிவெண் தெரிந்தால் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குப் போங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பதிவெண்ணை இடைவெளியோடும் இல்லாமலும் போட்டுத் தேடுங்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது 'எஸ்' எழுத்தை எட்டு என்று எடுத்துக்கொள்ளும், அப்படியும் ஒருமுறை தேடுங்கள். அப்புறம் 'ஃபோர்டு ஸ்பெஷல்' என்று தேடுங்கள். கையால் கட்டிய காரை அந்தக் காலத்தில் ஸ்பெஷல் என்றுதான் சொன்னார்கள். விற்பனை வரிவிளம்பரங்களை விட்டுவிடாதீர்கள், விபத்துச் செய்திகளையும் பாருங்கள். மாமாவின் மைனரைப் போன்ற ஒரு 'மாற்றியமைத்த திறந்த மோரிஸ்' ஒரு வரிவிளம்பரத்தில்தான் எங்களுக்குத் தட்டுப்பட்டது. அதிலிருந்த வட்டாரப் பெயர் செம்பவாங். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதே தளத்தில் இருக்கின்றன. ஆண்டு தெரிந்துவிட்டால் அவற்றையும் புரட்டிப் பாருங்கள்.

செம்பவாங் என்றதும் மாமாவுக்குத் தன் நண்பர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் தகடு வேலை செய்தவர். 1968இல் பட்டறை சிங்கப்பூர் வசம் வந்த பிறகும் அங்கேயே இருந்தவர். தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்து படங்களைக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதவுக்கு மேலே தகட்டை மடித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது கார் பட்டறை மடிப்பு இல்லப்பா. தண்ணி உள்ள போகக்கூடாதுன்னு ரெண்டு தடவை மடிச்சிருக்கான் பாரு. நம்ம யார்டு ஆளு வேலை," என்றார். அது மட்டும் ஆதாரம் ஆகாது. ஆனால் அவர் சொல்லி இன்னொருவரைப் பார்க்கப் போக, அவர் வீட்டு ஆல்பத்தில் அந்தக் கார் இருந்தது. க்ரீம் நிறம், இப்போது இருப்பதைவிடத் தாழ்வான முன்கண்ணாடி, பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மூவர்.

இப்படிப்பட்ட ஆட்களைத் தேடிப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். சின் மிங் பட்டறைகளில் வயதான சீன அங்கிள்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கார் யாரிடம் இருந்தது என்று அவர்கள் சொல்வதை எந்த ஏட்டிலும் பார்க்க முடியாது. போகும்போது படங்களை அச்செடுத்துக் கொண்டு போங்கள். கைப்பேசியில் காட்டினால் இரண்டு படத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது, காகிதத்தில் கொடுத்தால் மேசையில் பரப்பி வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பேசுகிறார்கள்.

ஒரு கதையைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. பழைய ஸ்பெஷல் என்றாலே "தாம்சன் ரோடு ரேஸில் ஓடியது" என்று யாராவது சொல்வார்கள். அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி நடந்தது உண்மை. முக்கியப் பந்தயத்தோடு சின்னக் கார்களுக்கும் துணைப் பந்தயங்கள் நடந்தன, ஆகவே உங்கள் கார் ஓடியிருக்கவும் கூடும். ஆனால் படம் வேண்டும். படத்தில் இருக்கும் கார் உங்களுடையதுதானா என்பதை அறிய, போனட்டில் உள்ள காற்றுத் துளைகளை எண்ணிப் பாருங்கள், சக்கர வளைவின் வெட்டைப் பாருங்கள். அப்படி ஒப்பிட்டு உறுதியாகும்வரை அதை வதந்தி என்றே குறித்து வையுங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான கேள்வி வரும்: எந்த ஆண்டின் உருவத்துக்குக் கொண்டுபோவது? அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு உதாரணம் உண்டு. பாப் ஹிரோஹாட்டா என்பவரின் 1951 மெர்குரியை, 1952இல் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்களின் பட்டறை கூரையைத் தாழ்த்தி, இரண்டு பச்சை நிறங்களில் மாற்றியமைத்தது. பிறகு அது கைமாறிப் பழங்காராகி, 1959இல் ஒரு பதின்ம வயதுப் பையனிடம் 500 டாலருக்கு வந்தது. அவர் அதை விற்காமல் பல பத்தாண்டுகள் வைத்திருந்து, பாரிஸ் பட்டறையிலிருந்து வெளிவந்த அந்த உருவத்துக்கே மீட்டார். 2022இல் ஏலத்தில் சுமார் 2 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. நம் கார்களுக்கு அந்த விலை வராது, வரவும் வேண்டாம். கட்டியவரின் கை எதைச் செய்ததோ அதுவே அந்தக் காரின் ஒரிஜினல் என்று அவர் பிடிவாதமாக நின்றது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மாமாவும் ஆல்பத்தைப் பார்த்த பிறகு சிவப்பை விட்டுவிட்டு க்ரீமுக்குப் போனார், கண்ணாடியையும் தாழ்த்தினார். பின்னால் யாரோ போட்ட நல்ல டிஸ்க் பிரேக்கை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார், அது உயிர் விஷயம்.

இந்த ஆதாரங்கள் சாலைக்கு வரும்போதும் உதவும். 1990 மேயில் சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் வந்த பிறகு பழைய காரை வைத்திருப்பது இங்கே பெரிய செலவு. முதல் பதிவிலிருந்து 35 ஆண்டு ஆன வண்டிகளுக்குக் கிளாசிக் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். கையால் கட்டிய உடம்பு என்பதால், ஒரு வெள்ளி செலவழிக்கும் முன் ஆணையத்திடம் படங்களோடு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கார் எப்போது கட்டப்பட்டது என்று காட்ட உங்களிடம் கோப்பு இருந்தால் அந்தப் பேச்சு எளிதாகும்.

தேடல் நடக்கும்போது வேலை நின்றுபோக வேண்டியதில்லை. பெட்ரோல் டாங்கைக் கழுவலாம், பிரேக் சிலிண்டர்களைப் பிரிக்கலாம், எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிப் பார்க்கலாம். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும், இற்றுப்போன மரச்சட்டத் துண்டு உட்பட, சீட்டுக் கட்டிப் பெட்டியில் போடுங்கள். உடம்பின் தகட்டையும் பெயின்ட்டையும் மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.