ஏணி, தோணி, மெழுகுவர்த்தி

கேள்வி: எங்கள் பாடசாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்த ஆசிரியர் இந்தத் தவணையோடு ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர் சங்கம் வெளியிடவிருக்கும் சேவைநலன் பாராட்டு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. நான் கணித ஆசிரியையானதே அவரைப் பார்த்துத்தான். 2009இல், போரால் இடம்பெயர்ந்தோரைத் தங்கவைத்த வவுனியா மெனிக் பாம் முகாமில் சீமெந்துப் பைகளைக் கிழித்து, அவற்றின் உட்புறத்தில் கரியால் கணக்கெழுதி எங்களுக்குப் படிப்பித்தவர் அவர். ஆனால் எழுத உட்கார்ந்தால் ‘ஏற்றிவிட்ட ஏணி’, ‘கரைசேர்த்த தோணி’, ‘உருகி ஒளிதந்த மெழுகுவர்த்தி’ ஆகியவற்றுக்கு அப்பால் பேனா நகர மறுக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: சீமெந்துப் பையை எனக்கு எழுதிய நீங்கள் அதை மலருக்கு எழுதத் தயங்குவது ஏனென்று விளங்கவில்லை. ஏணியும் தோணியும் இலங்கையிலுள்ள எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அந்தப் பையின் உட்புறம் அவர் ஒருவருக்கே உரியது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறியவர் போன பின் ஏணி சுவரோரம் கிடக்கும், தோணி துறையிலேயே நிற்கும், மெழுகுவர்த்தியோ எரிந்து தீர்ந்துவிடும். இவற்றில் ஒன்றாகத் தானும் ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளை ஆசைப்படும்? ஒருவரை முன்மாதிரி என்று காட்டப் புறப்பட்டு, யாரும் விரும்பாத ஒரு பொருளாக அவரை ஆக்கிவிடுகிறோம்.

முகாமைப் பற்றி எழுதும்போது விசாரித்து எழுதுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை முகாம்களுக்குள்ளேயே நடைபெற்றது என்பதை இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அறிய மாட்டார்கள். அந்தப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன, அல்லது கிடைக்காமல் நினைவிலிருந்தே கணக்குகளை எழுதினாரா, தண்ணீர் வரிசையில் தாமும் நிற்க வேண்டியிருந்த ஒருவர் வகுப்புக்கு எந்த நேரத்தை ஒதுக்கினார், அடுப்புக் கரி யார் வீட்டுக் கூடாரத்திலிருந்து வந்தது என்பவற்றை அவரிடமும் உங்களோடு இருந்து படித்தவர்களிடமும் கேளுங்கள்.

ஆனால் முகாமோடு நின்றுவிடாதீர்கள். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டது. அங்கே நடந்ததை வாசிக்கும் இளம் ஆசிரியர் வியப்பார், கண் கலங்குவார், பின்பு மலரை மூடி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார், ஏனெனில் அத்தகைய நாள் அவருக்கு வராது, வரவும் கூடாது. அவருக்கு வரப்போவது நாற்பது பயிற்சிக் கொப்பிகள் மேசையில் குவிந்து கிடக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் சேர் என்ன செய்தார்? கொப்பிகளை மறுநாளே திருத்திக் கொடுத்தாரா? விடை பிழைத்தபோது வெறுமனே வெட்டினாரா, எந்த வரியில் பிழைத்தது என்று வட்டமிட்டாரா? பெரும்போக அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போய்ப் பாடங்களைத் தவறவிட்ட பிள்ளையை எப்படி நடத்தினார்? கட்டுரையில் பாதியாவது இத்தகைய செய்திகளுக்கு இருக்கட்டும். மற்றொருவர் எடுத்துச் செய்யக்கூடியவை இவைதாம்.

உங்கள் ஊருக்கு அருகே, கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லைப் பற்றி அறிந்திருப்பீர்கள். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் இவ்விடத்துக்கு அண்மையில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்ட கல் அது. வென்ற பிரித்தானியர் பக்கத்தின் பெருமையைச் சொல்ல எழுந்த கல்லில் ‘மாவீரன்’ என்றோ ‘மாமன்னன்’ என்றோ ஒரு சொல்லும் இல்லை. ஆள், இடம், நாள், நடந்த செயல், அவ்வளவே. அதே ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்தவனின் பெயர் அதில் தோற்றவனாகத்தான் நிற்கிறது. இருந்தும் வன்னி மக்கள் அந்தக் கல்லையே தங்கள் தலைவனின் நினைவாகக் கொண்டாடினார்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு படிகளில் கல்லைத் தேடிக் காணும் காட்சி முதலில் வருகிறது, வாழ்த்து கடைசியில்தான் வருகிறது. நம்முடைய மலர்களோ முதற்பக்கத்து ஆசிச் செய்தியிலேயே வாழ்த்தத் தொடங்கி, காட்சிக்கு இடமில்லாமல் முடிந்துவிடுகின்றன.

கேள்வி: நாங்கள் போற்றும் ஆசிரியர் ஒருவர் கோபக்காரர், பிரம்பையும் தாராளமாகப் பாவித்தவர். பாராட்டு மலரில் இதை எழுதலாமா, விடலாமா என்று மலர்க்குழுவுக்குள் தகராறு. (வாசகர், கிளிநொச்சி)

பதில்: எழுதுங்கள். விட்டுவிட்டால், அடிவாங்கியவர்கள் மற்றப் பக்கங்களையும் நம்ப மாட்டார்கள். ஆனால் ‘அவர் அடித்ததால்தான் நாங்கள் உயர்ந்தோம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் வெளியிட்டிருக்க, முன்மாதிரியென்று நீங்கள் காட்டும் மனிதரிடமிருந்து ஓர் இளம் ஆசிரியர் முதலில் கற்றுக்கொள்வது பிரம்பாக இருந்தால் அந்தப் பொறுப்பில் மலர்க்குழுவுக்கும் பங்குண்டு. அவர் எதில் சிறந்தவர் என்பதையும் எதில் தவறினார் என்பதையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்க வேண்டாம். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்தியிருந்தால், அதுவும் சேரட்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிய குடும்பநல உத்தியோகத்தரை (மருத்துவிச்சியை) பற்றி ஒரு சிறு நூல் எழுத விரும்புகிறேன். உயிரோடிருப்பவரைப் புகழ்ந்தால் நாவூறு படும், எல்லாம் பிறகு கல்வெட்டில் (இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறு நூலில்) போடலாம் என்று அம்மா தடுக்கிறார். (வாசகர், நெடுங்கேணி)

பதில்: முப்பத்தோராம் நாளில் கையில் தரப்படும் கல்வெட்டுகளை நான் எறிவதில்லை, ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் தேவாரங்கள் சரியாக இருக்கும், வம்சாவளி பெரும்பாலும் சரியாக இருக்கும். வாழ்க்கைக் குறிப்பில் மட்டும் பெயரை மாற்றினால் ஒருவருடையது மற்றவருக்கும் பொருந்தும், ஏனெனில் ‘அது அப்படி நடக்கவில்லைத் தம்பி’ என்று திருத்த வேண்டியவர் அப்போது இல்லை. ஆகவே இப்போதே எழுதுங்கள். அம்மாவின் அச்சத்துக்கும் வழியுண்டு: நீங்கள் செய்யப்போவது புகழ்வதல்ல, விபரம் சேகரிப்பது என்று சொல்லி, அந்த வேலையை அவரிடமிருந்தே தொடங்குங்கள். நீங்கள் வயிற்றில் இருந்த மாதங்களில் அந்த உத்தியோகத்தர் எந்தப் பாதையால், எதில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தார், மழைக்காலத்தில் பாதை வெள்ளத்தில் மூழ்கியபோது என்ன செய்தார் என்று கேளுங்கள். கொப்பியையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா ஒருமுறை சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்.