காலித் தொட்டியோடு ஒரு வேவுக்கப்பல்

அன்புள்ள ஐயா,

விண்வெளிக் கதைத் தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி வேவுப்படையிலிருந்து ஓய்வுபெற்றவள். அவளிடம் ஒரு சிறிய வேவுக்கப்பல் இருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ‘டிராவலர்’ விளையாட்டில் வரும் நூறு டன் ஸ்கவுட் கப்பலை மனதில் வைத்துத்தான் அதை அமைத்தேன். படித்த நண்பர்கள், கப்பல் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்கிறார்கள். ஆயுதங்களைக் கூட்டலாமா? ஒரே ஆள் ஓட்டக்கூடிய கப்பலுக்கு நாலு அறை எதற்கு? தலைமையகத்தோடு உடனுக்குடன் பேச ஒரு கருவி வைத்தால் கதை வேகமாக நகரும் என்றும் தோன்றுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தொழில்நுட்ப விவரங்கள் ஒரு கதைக்குள் எவ்வளவு வரலாம்? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். உங்களுக்கு மொழி வசப்பட்டிருக்கிறது. கப்பலுக்குள் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண் உள்ளங்கையை அதன் உலோகத்தில் ஒரு கணம் வைத்து எடுக்கிறாளே, அந்த இடத்தை மறுபடியும் படித்தேன். அப்படி எழுதத் தெரிந்தவர், நண்பர்கள் சொன்னார்கள் என்று எதற்குப் பீரங்கி தேடிப் போகிறீர்கள்? ஆயுதம் வேண்டாம். உடனடியாகப் பேசும் கருவி கூடவே கூடாது. அந்த விளையாட்டின் உலகத்தில் கப்பலை முந்திக்கொண்டு போகும் செய்தி என்று எதுவும் கிடையாது. அதனால்தான் வேவு பார்க்கும் கப்பலே தபால் சுமக்கும் கப்பலாகவும் ஓடுகிறது. நீங்கள் அந்தக் கருவியை வைத்த நிமிடமே அவளுக்கு வேலை போய்விடும். நாலு அறை என்றால், ஓட்ட ஒருவர் போதும் என்பதற்காக ஒருவர்தான் போக வேண்டும் என்று இல்லை. அளவெடுப்பவர் வருவார், மருத்துவர் வருவார், எங்கேயாவது சிக்கிக்கொண்டவரை ஏற்றி வர வேண்டியிருக்கும். இவற்றை இதோடு விடுகிறேன்.

எனக்குப் பேச வேண்டியது எரிபொருளைப் பற்றி. கொஞ்ச நாளாக இந்தக் கப்பலின் கணக்கைத்தான் நானும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் அவள் இரண்டு பார்செக், அதாவது ஆறரை ஒளியாண்டு, தள்ளியிருக்கும் நட்சத்திரத்துக்குத் தாவுகிறாள். எதிரிக் கப்பல்களைப் பார்க்கிறாள். அடுத்த பத்தியில் திரும்பத் தாவி வீட்டுக்கு வந்துவிடுகிறாள். எதை எரித்து வந்தாள்? மூன்று அத்தியாயத்தில் ஒரு இடத்திலாவது அவள் தொட்டியின் அளவைப் பார்க்கிறாளா? இவ்வளவு நுணுக்கமாக உலோகத்தின் குளிர்ச்சியை எழுதியவர் இதை எப்படி விட்டீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

டிராவலர் 1977-ல் வெளிவந்தது. அதன் பழைய விதிப்புத்தகத்தில் இந்தக் கப்பலின் கணக்கு ஒரு பத்தியில் அடங்கிவிடும். நூறு டன் என்பது எடை அல்ல, இடம். ஒரு டன் திரவ ஹைட்ரஜன் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அது ஒரு டன். ஏறத்தாழ 14 கன மீட்டர். ஆக மொத்தக் கப்பலும் 1,400 கன மீட்டர்தான். நீளம் 20 மீட்டர், அகலம் 20 மீட்டர், உயரம் மூன்றரை மீட்டர் என்று ஒரு கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓட்டும் அறைக்கு 20 டன். தாவல், உந்துவிசை, மின் உலை என்று இயந்திரங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15. கணினிக்கு 1. நாலு அறைகளுக்கு 16. தரையிறங்கிய பிறகு சுற்றிப் பார்க்க ஒரு சிறிய பறக்கும் வண்டி, அதற்கு 4. ஆயுதக் கட்டுப்பாட்டுக்கு 1. சரக்குக்கு வெறும் 3. கூட்டிப் பாருங்கள், 60 வரும். மீதி 40 டன்னும் எரிபொருள், அதாவது ஹைட்ரஜன். பீரங்கியை எங்கே வைப்பதாக இருந்தீர்கள்?

அந்த நாற்பதும் பயணத்துக்கு இல்லை. 20 டன் உலைக்கு. விளக்கும் காற்றும் உந்துவிசையும் நாலு வாரம் ஓட அது வேண்டும். தாவுவதற்கு என்று இருப்பது மற்ற 20 டன். ஒரு பார்செக் தாவ 10 டன், இரண்டு பார்செக் தாவ 20 டன். எவ்வளவு தூரம் தாவினாலும் பிடிக்கிற நேரம் ஏறக்குறைய ஒரு வாரம். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பார்செக் போனால் திரும்பி வர எரிபொருள் இருக்கிறது. இரண்டு போனால் இல்லை. யாரும் போகாத இடத்தில், யாரும் தேடி வர முடியாத இடத்தில், தாவல் தொட்டி காலியாக வெளியே வந்து விழுகிறாள். வேவுக்காரியின் வேலை பார்ப்பது மட்டுமா? பார்த்ததைத் திரும்பி வந்து சொன்னால்தானே வேவு! அப்படியிருக்க, திரும்பி வர வழியில்லாத தொட்டியோடு அவளை அனுப்புகிறார்கள். கப்பலை வடிவமைத்தவர்கள் இதைத் தெரியாமல் செய்யவில்லை. போகிற இடத்தில் ஹைட்ரஜன் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். பிரபஞ்சத்தில் மிக அதிகமாக இருக்கும் தனிமம் அதுதானே. கண்ட ஹைட்ரஜனைச் சுத்திகரிக்காமல் அப்படியே ஊற்றினால் சாதாரண வணிகக் கப்பலின் தாவல் தடம் மாறிப் போகலாம். வேவுக்கப்பலின் இயந்திரம் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது.

நம் சூரியனிலிருந்து அவளைக் கிளப்பிப் பாருங்கள். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. அதற்குள் ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. மிக அருகில் உள்ள பிராக்சிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு. பர்னார்டு நட்சத்திரம் ஏறக்குறைய 6. சிரியஸ் 8.6, ஒரே தாவலில் எட்டாது. அப்படியென்றால் நம் வீட்டு வாசலிலிருந்து எந்த நட்சத்திரத்துக்குக் கிளம்பினாலும் அது திரும்பி வர எரிபொருள் இல்லாத பயணம். இதைவிடப் பெரிய திகிலை எந்த எதிரிக் கப்பல் தரப்போகிறது?

எங்களுக்கு இந்த விளையாட்டை நடத்திய நண்பர் ஒருவர் இருந்தார். கட்டம் போட்ட தாளில் கப்பலின் தளத்தை வரைந்து வைத்திருப்பார். ஒரு கட்டம் ஒன்றரை மீட்டர், இரண்டு கட்டம் ஒரு டன். தொட்டிகளைப் பென்சிலால் கருப்பாகத் தீட்டியிருப்பார். ஒவ்வொரு தாவலுக்கும் எழுந்து வந்து அந்தந்தக் கட்டத்தை ரப்பரால் அழிப்பார், நிதானமாக, எங்கள் கண் முன்னால். பல தடவை அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து, பின்னால் இருக்கும் மேசையின் நிறம் தெரியும். அந்த வெளிறிய கட்டங்களைப் பார்த்த பிறகு யாருக்கும் சண்டை போடத் தோன்றாது. ‘இங்கே பெரிய கோள் ஏதாவது இருக்கிறதா?’ என்பதுதான் எல்லோரிடமிருந்தும் வரும் முதல் கேள்வி. வியாழன், சனி போன்ற பெரிய கோள்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன்தானே.

இருந்தாலும் பிழைத்தோம் என்று அர்த்தமில்லை. கப்பலின் உந்துவிசை 2 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பைப் போல இரண்டு மடங்கு. வியாழனின் மேக உச்சியில் ஈர்ப்பு பூமியைப் போல இரண்டரை மடங்கு. அங்கே இந்தக் கப்பலால் அந்தரத்தில் நிற்க முடியாது. நொடிக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மேகத்தின் மேல்விளிம்பை உரசி, அள்ளிக்கொண்டு வெளியேறியாக வேண்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கி வேகத்தை இழந்தால் மேலே வரவே முடியாது. கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஆய்வுக்கலம் 1995 டிசம்பரில் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனுக்குள் நுழைந்தது. அதன் முன்பக்க வெப்பக் கவசத்தில் ஏறத்தாழ பாதி எரிந்தே போயிற்று. ஏறக்குறைய ஒரு மணி நேரம் செய்தி அனுப்பிவிட்டு அடங்கிவிட்டது. அந்த நெருப்புக்குள்தான் உங்கள் நாயகி தண்ணீர் மொள்ளப் போவதுபோல் போய்வர வேண்டும். சனி வேறு மாதிரி. அங்கே ஈர்ப்பு பூமியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். யுரேனஸில் பூமியைவிடக் குறைவு. 2 ஜி கப்பல் அங்கே நின்று நிதானமாக நிரப்பிக்கொள்ளலாம். விவரம் தெரிந்த பைலட் வியாழனை விட்டுவிட்டு சனிக்குப் போவாள். அந்த மண்டலத்தில் சனி இல்லாவிட்டால்?

இன்னும் ஒன்று சொல்கிறேன். 2013-ல் கண்டறியப்பட்ட லூமன் 16 நம்மிடமிருந்து 6.5 ஒளியாண்டு. இரண்டு பார்செக் எல்லையின் விளிம்பில் நிற்கிறது. அது இரட்டைப் பழுப்புக் குள்ளன், அதாவது நட்சத்திரமாக எரியும் அளவுக்கு நிறை சேராத இரண்டு வாயுக் கோளங்கள், பெரும்பகுதி ஹைட்ரஜன். ஆனால் ஒவ்வொன்றும் வியாழனைப் போல சுமார் முப்பது மடங்கு நிறையை வியாழனின் அளவுக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறது. அதன் ஈர்ப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலித் தொட்டியோடு வந்தவளின் கண் முன்னால் இரண்டு உலகம் நிறைய எரிபொருள். ஒரு சொட்டு அள்ள முடியாது. தாவலில் ஒரு வாரம் போக மீதி மூன்று வாரத்துக்குள், ஏதாவது பனிக்கட்டித் துண்டு சுற்றுகிறதா என்று அவள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நாயகிக்குக் கப்பல் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அதன் விலை, அந்த விளையாட்டின் நாணயத்தில், மூன்று கோடி கிரெடிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஓய்வுபெற்ற வேவுக்காரி எங்கே போவாள் அந்தப் பணத்துக்கு? வேவுப்படை அவளுக்கு அதை இரவலாகத்தான் கொடுக்கிறது. தன் தளங்களில் எரிபொருளும் பராமரிப்பும் இலவசம். விற்க முடியாது. கூப்பிட்டால் போக வேண்டும். அந்தப் படையில் பதவி உயர்வு என்பதே இல்லை. பழைய விதிகளின்படி நாலு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பகடைகளை உருட்டி ஏழோ அதற்கு மேலோ விழுந்தால்தான் ஆள் உயிரோடு இருப்பார். தாக்குப்பிடிக்கும் திறன் அதிகமுள்ளவருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு 36-ல் 15 வாய்ப்பு சாவுக்கு. ஐந்து முறை அதைத் தாண்டி வந்தவள் உங்கள் நாயகி. அவள் கப்பலைத் தொட்டுப் பார்க்கிற அந்த இடம் எனக்கு ஏன் பிடித்தது என்று இப்போது புரிகிறதா? அது அவளுடையது அல்ல என்பதால் அந்தத் தொடுகைக்கு இன்னும் கனம் கூடும்.

விவரங்கள் எவ்வளவு வரலாம் என்று கேட்டிருந்தீர்கள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அத்தனையும் முதலில் உங்களுக்குத் தெரியட்டும், பிறகு பார்ப்போம். மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதி அனுப்புங்கள். எதிரிக் கப்பல்கள் இருக்கட்டும், தூரத்தில் போகட்டும். அந்த மண்டலத்தில் சனியைப் போன்ற கோள் எதையும் வைத்துவிடாதீர்கள். வியாழனைப் போல ஒன்று போதும்.